கடைசி வரிசை பெல்ட்

என்னங்க,

கப்பலில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? கார் விஷயத்தை முடித்துவிட்டேன், கோபப்படாதீர்கள். "இனி நாம மூணு பேர்தானே, சின்னதே போதும்" என்று நீங்கள் போனில் சொன்னது மறக்கவில்லை. சின்ன எலக்ட்ரிக் கார் கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது.

பெரியதையும் சும்மா ஓட்டிப் பார்த்தேன். கிளம்பியதுமே, கடைசி வரிசையில் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்க ஆரம்பித்தது. அங்கே யாருமில்லை. விற்பனைக்காரர் அசடு வழிந்தார். "சென்சார் கோளாறு மேடம், வேற வண்டி தரேன்." அந்த வண்டியிலும் அதே இருக்கைதான் கத்தியது. ஓரங்கட்டினேன்.

நம் பெண் எழுந்து பின்னால் போனாள். பெல்ட்டை இழுத்து மாட்டி, கழுத்தில் உரசாமலிருக்கத் தன் கைக்குட்டையை மடித்து வைத்தாள், தம்பி இருந்தவரை அவனுக்கு எப்போதும் செய்துவந்தது போல.

"இப்ப சரியாடா?" என்றாள்.

மணி நின்றுவிட்டது. பெல்ட் மட்டும் இருக்கையில் படியாமல், ஒரு சாண் முன்னால் நின்றது.

வாசலில் பெரியதுதான் நிற்கிறது. லீவில் வரும்போது உங்கள் பெட்டிகளை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். அந்த இருக்கையில் மட்டும் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி