ஐந்து நிமிடத்துக்குள் அக்கா

பிப்ரவரி 3, செவ்வாய்

கடையில் இன்று பதினொரு கண்ணாடி. லென்ஸை அளவுக்கு வெட்டி, ஃபிரேமுக்குள் உட்கார வைத்து, துடைத்துக் கொடுப்பது என் வேலை. ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது. முதலாளி பார்ப்பதற்குள் வேறு வெட்டிவிட்டேன்.

மதியம் அத்தான் கடைக்கே வந்து நின்றார். அக்கா 28-ஆம் தேதி ஓய்வு பெறுகிறாள். முப்பத்தாறு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு. விழாவில் போட ஒரு வீடியோ வேண்டுமாம். சொந்தக்காரர்கள் ஆளுக்கு நாலு வார்த்தை, நடுநடுவே பழைய போட்டோக்கள்.

"உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்றார்.

எனக்குத் தெரிந்தது பில் போட. அதைச் சொல்வதற்குள், "நீ பண்றேன்னு உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்தினார். ஏன் தாழ்த்தினார் என்று எனக்கும் தெரியும். சரி என்றேன்.

பிப்ரவரி 4

அந்த ஏனை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கடைசி நாலு நாள் என் வீட்டில்தான் கிடந்தாள். அக்கா வரவில்லை, டூட்டி, டூட்டி என்றாள். எல்லாம் முடிந்த மறுநாள் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னேன்: "ஊர்ல இருக்கிற அத்தனை பேர் பிள்ளையையும் கையில வாங்கினியே, பெத்தவளைப் பார்க்க உனக்கு நேரமில்லையா?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எங்கள் பேச்சு இவ்வளவுதான்: "நல்லா இருக்கியா." "ம்." "சரி." ரயில் நிலைய அறிவிப்பில்கூட இதைவிடப் பாசம் இருக்கும்.

வீடியோவின் கடைசியில் நானும் வருவேன். மன்னிப்புக் கேட்பேன். நேரில் சொல்ல இரண்டு வருஷமாக வாய் வரவில்லை. திரையில் சொன்னால், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவள் நடுவில் எழுந்து போக முடியாது.

பிப்ரவரி 6

வீடியோ வெட்டி ஒட்டும் செயலி ஒன்றை இறக்கினேன். 'முற்றிலும் இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது சொல்லாததையெல்லாம் இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டும்போல.

முதல் வேலையாகத் தலைப்பு. 'எங்கள் வீட்டுப் பெருமை' என்று அடித்தேன். பெருமையின் கொம்பு கழன்று, வீட்டின் வாசலில் போய் நின்றது. புள்ளிகளெல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில். எந்த எழுத்துருவைப் போட்டாலும் இதே கதை. தமிழ் அதன் தொண்டையில் இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உலகத்தில் எதற்கும் இவரிடம் ஒரே வைத்தியம்தான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

பண்ணினேன். இப்போது கொம்பையே காணோம்.

கடைசியில் வெள்ளை அட்டையில் மார்க்கரால் எழுதி, ஜன்னலோரம் வைத்து ஃபோனில் படம் பிடித்துச் சேர்த்தேன். கம்ப்யூட்டர் எதற்கு என்று இவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே பெரிது.

பிப்ரவரி 9

வீடியோக்கள் வர ஆரம்பித்துவிட்டன.

தம்பி அனுப்பியது பதினொரு நிமிஷம். அக்கா அதில் இரண்டு இடத்தில் வருகிறாள். மீதி முழுக்க அவனுக்குக் கிடைத்த பதவி உயர்வு. ஃபோனை நட்டுக்குத்தலாகப் பிடித்து எடுத்திருக்கிறான்; இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் அவன் மட்டும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

சித்தி அனுப்பியதில் சித்தியின் நெற்றியும் ஒரு கட்டை விரலும் தெரிகின்றன. பின்னால் மிக்ஸி. சித்தி கண்ணீர் விட்டுப் பேசுகிறாள், மிக்ஸி அதைவிட உருக்கமாகப் பேசுகிறது. இரைச்சலை நீக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வருகிறது. காசு கட்டியவர்களுக்கு மட்டுமாம்.

பிறகு பார்த்தால் எனக்கு வேண்டியது எல்லாவற்றிலும் பூட்டு. வேண்டாதது எல்லாம் திறந்தே கிடக்கிறது. முகத்தில் பூனை மீசை வரைய வேண்டுமானால் எத்தனை முறை வேண்டுமானாலும் வரையலாம்.

பிப்ரவரி 12

அத்தான் எந்தப் போட்டோவிலும் வலது ஓரத்தில்தான் நிற்பார். முப்பது வருஷ வழக்கம். இந்தச் செயலி தன் முத்திரையைப் பதிப்பதும் வலது ஓரத்தில்தான். பளிச்சென்று, அகலமாக, அகற்ற முடியாமல்.

ஆகவே இருபத்திரண்டு போட்டோக்களில் அத்தானுக்கு முகம் இல்லை.

யோசித்து, படங்களை இடம் வலமாகத் திருப்பினேன். (திருப்புவதற்குப் பூட்டு இல்லை.) அத்தான் இடது ஓரத்துக்கு வந்து முகம் பெற்றார். ஆனால் வார்டின் பெயர்ப்பலகை கண்ணாடியில் தெரிகிற எழுத்தாக ஆனது, எல்லோருக்கும் கடிகாரம் வலது கைக்குப் போனது. யார் கவனிக்கப் போகிறார்கள்.

கல்யாணப் போட்டோதான் வழிக்கு வரவில்லை. அதில் இரண்டே பேர். திருப்பினால் அக்கா போகிறாள், திருப்பாவிட்டால் அத்தான் போகிறார். ஓய்வு பெறுவது அக்கா. அத்தானை விட்டுக்கொடுத்தேன்.

பிப்ரவரி 14

வீடியோ தயாராகிறது: 97... 98... 99. ஒரு மணி நேரமாக 99.

பிப்ரவரி 15

இன்றும் 99-இலேயே நின்றது. பிறகு ஒரு செய்தி: இலவசப் பதிப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வீடியோ எடுக்க முடியாது.

இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? ஒன்பது நாளா உட்கார்ந்து இருபத்தாறு நிமிஷம் ஒட்டினேனே, அப்பல்லாம் வாயில கொழுக்கட்டையா?

காசு கட்டிவிடலாம் என்று என் கார்டு எண்ணைப் போட்டேன். என் வங்கி அதற்குப் பிடிக்கவில்லை. இவருடையதையும் போட்டேன். அதுவும் பிடிக்கவில்லை. எங்கள் குடும்பமே அதற்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 18

இருபத்தாறு நிமிஷத்தை ஐந்தாக்க வேண்டும். பேசுகிறவர்கள் பதினாலு பேர். யாரை வெட்ட, யாரை வைக்க?

சேதி எப்படியோ வெளியே போய்விட்டது. அத்தானைத்தான் சந்தேகப்படுகிறேன்.

தம்பி கூப்பிட்டான். "எனக்கு எத்தனை செகண்ட்?"

"பதினெட்டு."

"சித்திக்கு?"

"இருபத்தொண்ணு."

"சித்திக்கு முகமே தெரியல, அவங்களுக்கு என்னைவிட அதிகமா?"

சித்தி சாயங்காலம் கூப்பிட்டாள். வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். அதை நாற்பது நிமிஷம் சொன்னாள்.

பிப்ரவரி 20

தம்பிக்கு இருபத்தொன்று கொடுத்தேன். பதவி உயர்வு போய்விட்டது. இனி அவன் அக்காவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறான். இப்படிப் பார்த்தால் எவ்வளவு நல்ல பிள்ளை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வார்டைப் பெருக்கித் துடைக்கும் அம்மா பேசியதை அத்தான் எடுத்து அனுப்பியிருக்கிறார். துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "சிஸ்டர் திட்டுவாங்க. திட்டிட்டு டீ வாங்கித் தருவாங்க. நாளையிலேர்ந்து யாரு திட்டுவா?" அவ்வளவுதான். ஒன்பது வினாடி. ஒரு மூச்சுகூட வெட்டவில்லை.

இரண்டு தடவை பார்த்தேன். அக்கா என்னைக்கூட அப்படித்தான் திட்டுவாள். திட்டுவதை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 25

என் பகுதியை எடுத்தோம். இவர் ஃபோனைப் பிடித்தார். காலை வெளிச்சம் நன்றாக இருந்தது, நான்தான் சரியில்லை.

"சிரி" என்றார்.

"மன்னிப்புக் கேட்கிறப்ப எவளாவது சிரிப்பாளா?"

"சரி, சிரிக்காதே. ஆனா இப்படி முறைக்காதே. சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

பன்னிரண்டாவது தடவைதான் சரியாக வந்தது. இருபத்தைந்து வினாடி. 'அக்கா, அன்னிக்கு நான் அப்படிப் பேசினது தப்பு...' என்று தொடங்கும். மற்றவர்கள் நாலு நிமிஷம் முப்பத்தைந்து வினாடி, என்னுடையது இருபத்தைந்து. ஐந்து நிமிஷம், முடி அளவு பிசகில்லை. லென்ஸ் வெட்டுகிற கைக்கு இது வராதா?

பிப்ரவரி 27

வந்துவிட்டது. 100.

ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் செயலியின் விளம்பரம் ஒன்று வாணவேடிக்கையோடு சுற்றிச் சுற்றி வருகிறது. அதையும் அகற்ற முடியாது. போகட்டும். தம்பி, சித்தி, மிக்ஸி எல்லோரும் வந்தார்கள். என் பகுதி வரும்போது நிறுத்திவிட்டேன். என் குரலை நானே கேட்கக் கூச்சம். நாளைக்கு எப்படியும் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

பென் டிரைவில் ஏற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

நேற்று எழுதக் கை ஓடவில்லை. இப்போது வரிசையாக எழுதுகிறேன்.

நர்சுகள் சாப்பிடும் கூடத்தில் மேசைகளைத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கா முதல் வரிசையில். நான் மூன்றாவது வரிசையில், கதவுப் பக்கமாக.

வீடியோ ஓடியது. வாணவேடிக்கைக்கே கைதட்டினார்கள், அது என் கைவேலை என்று நினைத்து. போட்டோக்கள் வந்தபோது அக்கா அத்தானிடம், "நீங்க ஏன் எல்லாத்துலயும் இந்தப் பக்கம் நிக்கிறீங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. முப்பது வருஷமாக அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று அவள் கவனித்திருக்கிறாள். துடைக்கும் அம்மா பேசியதும் அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

பிறகு நான் வந்தேன். திரை முழுக்க என் முகம்.

"அக்கா, அன்னிக்கு நான்—"

நின்றுவிட்டது. வாய் திறந்தபடி நான். அதன் மேல் சிவப்புக் கட்டத்தில்: 'மீதியைக் காணக் கட்டணப் பதிப்புக்கு மாறுங்கள்.'

கூடமே சிரித்தது. டாக்டர்கள் சிரித்தார்கள். தம்பி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அந்த வாணவேடிக்கையையும் ஐந்து நிமிஷக் கணக்கில் சேர்த்திருக்கிறது பாவி. அது எடுத்துக்கொண்ட வினாடிகளை வாலில் வெட்டிவிட்டது. வாலில் இருந்தது நான்.

வெளியே வந்து கை கழுவும் இடத்தில் நின்றேன். எதற்கோ கை கழுவினேன். பக்கத்துக் குழாயில் யாரோ வந்து நின்றார்கள். அக்கா.

"அன்னிக்கு நான்னு ஆரம்பிச்சியே. அப்புறம் என்ன?"

"கம்ப்யூட்டர் வெட்டிடுச்சு."

"அது வெட்டினா, உனக்கு வாய் இல்லையா?"

பன்னிரண்டு தடவை ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. "அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. அதுவும் எல்லார் முன்னாடியும்" என்று மட்டும் வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்துச் சொன்னேன்.

அக்கா கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள்.

"டூட்டி மாத்தித் தர்றேன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

நான் நிமிர்ந்தேன்.

"எத்தனை பேரை அந்த நிலைமையில பார்த்திருக்கேன். அடுத்து என்ன ஆகும், எவ்வளவு நேரத்துல ஆகும், எல்லாம் தெரியும். அம்மா பக்கத்துல உட்கார்ந்து மூச்சை எண்ண என்னால முடியலடி. பயந்துட்டேன். நீ சொன்னது பொய்யா இருந்தா மறுநாளே மறந்திருப்பேன்."

இரண்டு வருஷமாக அவள் கோபத்துக்கு என்னென்னவோ பதில் சேர்த்து வைத்திருந்தேன். அவள் கொண்டுவந்தது கோபமே இல்லை. பயந்தவளைப் போய் நான் — எனக்கே அந்த நாலு நாளும் எவ்வளவு பயமா இருந்துச்சு. ரெண்டு பேரும் சேர்ந்தே பயந்திருக்கலாமே. அதைத்தான் சொன்னேன், பாதி அழுகையில். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், ஊசி போடுகிற பிடி.

அப்போதுதான் அத்தான் வந்தார். "கல்யாணப் போட்டோல என் மூஞ்சி மேல என்ன அது?" என்றார், நிஜமான வருத்தத்தோடு. நானும் அக்காவும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அவ்வளவுதான், சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பாவம், நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 2

செயலியை அழித்துவிட்டேன். அழிப்பதற்கு மட்டும் பூட்டு இல்லை.

மார்ச் 7, சனி

அக்கா இன்று கடைக்கு வந்தாள். படிக்கக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம். பத்தொன்பது ஃபிரேம் எடுத்துக் காட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. பதினேழாவது அவள் மூக்குக்குச் சரியாக இல்லை என்றேன், "முப்பத்தாறு வருஷமா மூக்கையும் காதையும் பார்த்தவ நான், நீ எனக்குச் சொல்றியா?" என்றாள். நீ பார்த்தது குழந்தை மூக்கு என்றேன். ஃபிரேமை மேசையில் வைத்த வேகத்தில் கண்ணாடிப் பெட்டி அதிர்ந்தது.

முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாரும்மா அந்தம்மா? ரொம்பச் சண்டை போட்டா நான் வந்து பேசவா?"

"வேண்டாம் சார். எங்க அக்கா" என்றேன்.

கண்ணாடி செவ்வாய்க்கிழமை தயாராகும். தானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.