ஆட்கள் இல்லை

இந்தச் செவ்வாய் ஆண்டின் நாள் 402, காலை 8.10. வடமுகடு

படம் 1. கேமராவின் குறிப்பு: பாறை முகடு. செம்மண் சரிவு. ஒளி நன்று. ஆட்கள் இல்லை.

இதைப் படிப்பவர் போட்டி நடுவராக இருக்கலாம், இந்தக் கேமராவை மண்ணிலிருந்து தோண்டியெடுத்த யாரோவாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: படம் எடுத்தது நான். அமலோற்பவம், செவ்வாய்ப் புதுக்குடி, நீர்க்குழாய்ப் பிரிவு. ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருடம் இதே முகட்டை இதே கோணத்தில் நான் எடுத்து வைத்திருந்தேன். எங்கள் நிழற்பட மன்றச் செயலாளர் கோமதிநாயகம் பின்னாலேயே வந்து எடுத்துத் தன் பெயரில் மாட்டிவிட்டார். கேட்டதற்கு, "முகடு என்ன உங்க வீட்டுச் சொத்தா அமலாக்கா?" என்றார்.

இந்த வருடப் போட்டிக்குப் பெயர் 'படமும் குறிப்பும்'. எடுத்த இடத்திலேயே நேரம் போட்டுக் குறிப்பு எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும். நிலக்காட்சி ஒரு பிரிவு, கைவிடப்பட்ட இடங்கள் ஒரு பிரிவு. இரண்டிலும் ஆள் தெரியக் கூடாது. அதற்காகவே மன்றம் மனுப் போட்டு, கேமராக்களில் ஆள் நீக்கும் பொத்தானை வரவழைத்தது. குறுக்கே எவனாவது நடந்தால் கேமராவே துடைத்துவிடும். நான் அந்தப் பொத்தானை அணைத்தே வைத்திருக்கிறேன். என் படத்தில் இன்னொரு கை படுவது எனக்குப் பிடிக்காது.

வண்டியின் மின்கலம் முழுசாக இருக்கிறது. தூசி குறைவு. மாலைக்குள் மூன்றாம் வளாகம் போய்விடலாம்.

நாள் 402, பிற்பகல் 3.40. மூன்றாம் வளாகம், நுழைகூடம்

படம் 9. கேமராவின் குறிப்பு: துருப்பிடித்த கதவு. நீண்ட தாழ்வாரம். ஆட்கள் இல்லை.

பழைய சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த இடம் இது, பாதி மண்ணுக்குள் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் எல்லாரையும் புதுக்குடிக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். உள்ளே காற்று மட்டும் மிச்சம். நாளை மறுநாள் அதையும் குழாய் வழியாகப் புதுக்குடிக்கு உறிஞ்சிக்கொண்டு, இடத்தை மூடப்போகிறார்கள். அதற்குள் எடுத்தால்தான் உண்டு.

உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினேன். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த இடத்தில் புழுங்கின வாடைதானே வர வேண்டும்? வெங்காயம் வதக்கின வாடை வந்தது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

சுவர் கனம் அதிகம், பேச்சு அலை உள்ளே வராது. நுழைகூடத்துக் கம்பி வழியாக எழுத்தும் படமும் மட்டும் போகும், வரும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாசிலாமணி எழுதியிருக்கிறான்:

"அக்கா, எப்படியும் எல்லா ரூமையும் படம் எடுக்கப்போறீங்க. அதையே கடைசி சோதனையா வெச்சிக்கிறேன், எனக்கு ஒரு நடை மிச்சம். நம்ம சோதனை கேமரா ரெண்டு தடவ பாத்து ஆளில்லன்னு சொல்லிடுச்சு. நாள மறுநாள் சாயந்திரம் ஆறு மணிக்கு மெசின் தானா ஓடும். வெளிய போனவங்க கணக்குல ஒரு பேர் இருந்தாக்கூட ஓடாது. நீங்க முன்னாடி வந்துட்டா முன்னாடியே ஆரம்பிச்சிடும். அதனால லேட் பண்ணிடாதீங்க."

சோம்பேறிப் பயல். தான் பார்க்க வேண்டிய வேலையை என் தலையில் கட்டிவிட்டு, நேரத்தோடு வா என்று எனக்கே உத்தரவு வேறு.

நாள் 403, காலை 9.30. சமையற்கூடம்

படம் 23. கேமராவின் குறிப்பு: அலமாரி. கவிழ்த்த டம்ளர்கள். ஒளி சுமார். ஆட்கள் இல்லை.

டம்ளர்கள் பதினொன்று. விளிம்பில் ஈரம். பின்கட்டுக் கொடியில் ஒரு சின்னப் பாவாடை, அதுவும் ஈரம்.

எனக்கு உடனே மூக்கு வேர்த்துவிட்டது. இது கோமதிநாயகத்தின் வேலை. பாழடைந்த இடத்தில் பொருள்களை அடுக்கி வைத்து, "என்ன உயிரோட்டம்" என்று தன்னையே மெச்சிக்கொள்கிற ஆள் அவர். எனக்கு முன்னால் இங்கே வந்து எல்லாவற்றையும் செட்டப் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று மாசிலாமணிக்குப் புகார் எழுதினேன். பதில்:

"கோமதி சார் இங்கதான் இருக்கார், என் எதிர்ல உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருக்கார். போன மாசம் மெஸ் சாம்பார்ல மருந்து கலக்குறாங்கன்னு எழுதினீங்க. அதுக்கு முந்தி உங்க ரூம் பூட்ட யாரோ நோண்டுறாங்கன்னு எழுதினீங்க. கொஞ்சம் தூங்குங்கக்கா."

சந்தேகப் பிராணி என்று முதுகுக்குப் பின்னால் இவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். சொல்லட்டும். பூட்டில் கீறல் இருந்தது, படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நாள் 403, பிற்பகல் 2.15. மேலைத் தாழ்வாரம்

படம் 38. கேமராவின் குறிப்பு: தாழ்வாரம். சுவரில் வெடிப்பு. ஒளி நன்று. ஆட்கள் இல்லை.

பொய். பச்சைப் பொய்.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெண் வாளியோடு நின்றாள். நான் கேமராவைத் தூக்கினேன். அவள் ஓடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்து, "எடுத்துக்கங்க, விழாது," என்றாள். எடுத்தேன். படத்தில் அவளும் இல்லை, வாளியும் இல்லை. வெடிப்பு மட்டும் துல்லியமாக இருந்தது.

என் மூச்சுக்காற்று அளவைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆள் நீக்கும் பொத்தானைப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று என்னையே எடுத்தேன். கண்ணாடி விழுந்தது, பின்சுவர் விழுந்தது. நான் விழவில்லை.

பொத்தான் சும்மா ஒப்புக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் எல்லாக் கேமராக்களுக்கும் மென்பொருளைப் புதுப்பித்தார்களே, அப்போதே இந்தத் துடைப்பை அவற்றின் கண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். புதுக்குடியில் எல்லாக் கேமராவுக்கும் ஒரே மென்பொருள்தான். என்னுடையதற்கும் அதுதான், சோதனைக் கேமராக்களுக்கும் அதுதான்.



நாள் 403, இரவு 7.00. சமையற்கூடம்

வாளிப் பெண்ணின் பெயர் நாச்சியார். அவளோடு சேர்த்து இங்கே பதினோரு பேர் இருக்கிறார்கள். அதில் மூன்று பேர் குழந்தைகள். எனக்குச் சோறும் வெங்காயக் குழம்பும் போட்டார்கள். வெங்காயம் இவர்களே வளர்த்தது. நாச்சியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"புதுக்குடியில எடம் குடுத்த பட்டியல்ல எங்க பேரு இல்ல. எங்க போறது? ஒளிஞ்சிக்கிட்டோம். மொத தடவ சோதனைக் கேமரா வந்தப்ப நாங்க மூச்சுகூட விடல. அது எம் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுட்டு, அது பாட்டுக்குத் திரும்பிப் போயிருச்சு. ரெண்டாவது தடவ வந்தப்ப நான் சோறு வடிச்சிக்கிட்டிருந்தேன். எங்கள கண்டுக்கவே இல்ல. நம்ம நல்ல நேரம்னு நெனச்சு இருந்துட்டோம்."

நாளை மாலை காற்றை உறிஞ்சப்போவது இவர்களுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். சொன்னதும் ஒருவர் எழுந்து போய்க் குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டு வந்தார். இவர்களிடம் வெளியே போகும் உடை ஒன்றுகூட இல்லை. என் உடை ஒன்றுதான் இருக்கிறது.



நாள் 404, காலை 8.20. நுழைகூடம்

படம் 61. கேமராவின் குறிப்பு: அறை. சுவரில் எழுத்து. ஒளி மிக நன்று. ஆட்கள் இல்லை.

இரவெல்லாம் எழுதி எழுதி அனுப்பினேன். விடிந்த பிறகு பதில் வந்தது:

"அக்கா, நீங்க அனுப்பின எல்லா படமும் பாத்துட்டேன். ஒரு ஈ காக்கா இல்ல. பதினோரு பேர்னு எழுதுறீங்க, படத்துல டம்ளர்தான் இருக்கு. கேமரா பொய் சொல்லுதுன்னா நான் எத நம்புறது, நீங்களே சொல்லுங்க. உடம்பப் பாத்துக்குங்க, சீக்கிரம் கிளம்பி வாங்க."

அடப்பாவி! இரண்டு வருடமாக நான் எழுதின புகாரையெல்லாம் சிரித்துச் சிரித்தே பழகிவிட்டான். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

அட்டையில் எழுதி ஆளுக்கு ஒன்று பிடிக்கச் சொன்னேன். கேமரா அட்டையையும் சேர்த்துத் துடைத்தது. பிறகு கரித்துண்டு எடுத்துச் சுவரிலேயே பெரிதாக எழுதினோம்: 'இங்கே பதினோரு பேர் இருக்கிறோம்.' சுவரைத் துடைக்க அதற்குத் தெரியாது. எல்லாரையும் அதன் கீழே உட்கார வைத்து எடுத்து மாசிலாமணிக்கு அனுப்பினேன். வேறு வழியில்லாமல் கோமதிநாயகத்துக்கும் அனுப்பினேன், இந்தக் குறிப்புகள் முழுவதையும் சேர்த்து. மனிதர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் படிக்கவாவது செய்வார்.

மாசிலாமணி: "காலி பண்ண மாட்டோம்னு போராட்டம் நடந்தப்ப எழுதின பழைய சுவரெழுத்து அக்கா அது. அந்த மாதிரி அங்க நிறைய இருக்கும். என் டூட்டி முடிஞ்சுது. வந்து பேசலாம்."

நாள் 404, பகல் 12.30. நுழைகூடம்

நான் திரும்பிப் போய் நேரில் கத்தினால், சந்தேகப் பிராணி மறுபடி கத்துகிறது என்பார்கள். ஆளைக் காட்டினால்தான் நம்புவார்கள். இங்கே உயிரோடு இருக்கிற ஒருத்தி அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். என் உடை நாச்சியாருக்குத்தான் சரியாக இருக்கிறது, வாயும் அவளுக்குத்தான் உண்டு. உடையை அவளுக்குப் போட்டுவிட்டேன். வண்டிக்கு வழி தெரியும், தானே போய்விடும். மூன்று மணி நேரம் ஆகும். நான் இங்கே இருக்கும்வரை வெளியே போனவர்கள் கணக்கில் என் பெயர் இருக்கும், மெசின் ஓடாது.

"யாரு சட்டையப் புடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

"மாசிலாமணி. ஒல்லியா இருப்பான், கண்ணாடி போட்டிருப்பான்," என்றேன்.

அவள் போனபின் எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து மறுபடி பதினொன்று. சுவரைத் திருத்த வேண்டியதில்லை.

இத்தனை நாளில் முதல் தடவையாக யார்மேலும் சந்தேகமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். சின்னப் பாவாடைக்காரி என் மடியில் தூங்குகிறாள்.

நாள் 404, பிற்பகல் 3.45. நுழைகூடம்

புதுக்குடி வாயிலிலிருந்து தானியங்கிச் செய்தி:

"உடை எண் 27 வந்து சேர்ந்தது. அமலோற்பவம்: திரும்பினார். வெளியே உள்ளோர்: பூஜ்ஜியம். மூன்றாம் வளாகக் காற்று மீட்பு தொடங்குகிறது."

உடை! வாயில் ஆளைப் பார்ப்பதில்லை, உடையைத்தான் எண்ணுகிறது. இது எனக்குத் தெரியாதா? பத்து வருடமாக அந்த வாயிலில் போய் வருகிறேன். எல்லார்மேலும் சந்தேகப்பட்டேன், இந்த ஒன்றில் கோட்டை விட்டேன்.

இப்போது நாச்சியார் தூசி கழுவும் அறைக்குள் இருப்பாள். நாற்பது நிமிடம் ஆகாமல் அந்தக் கதவு திறக்காது. உள்ளே கேட்கும் கருவி இல்லை, கேமரா மட்டும்தான். அவள் அதன் முன்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பாள். காலி அறை என்று அது சொல்லிக்கொண்டிருக்கும்.

மேலே குழாய் இரைய ஆரம்பித்துவிட்டது. நான் குழாய்க்காரி. அந்த வால்வை இரண்டே திருகில் மூடிவிடுவேன். வால்வு வெளியே இருக்கிறது. உடை நாச்சியார் மேல் இருக்கிறது.

நாள் 404, 3.58

குழாயின் உள்வாயில் போர்வைகளைத் திணித்து எல்லாரும் முதுகால் அழுத்திக்கொண்டிருக்கிறோம். இரைச்சல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. காது அடைக்கிறது. குழந்தைகளைத் தரையோடு படுக்க வைத்தோம். நாற்பது நிமிடம் தாங்கினால் போதும். நாச்சியார் கதவைத் தாண்டினால் ஊரையே கூட்டிவிடுவாள்.

மாசிலாமணிக்கு எழுதினேன். பணியில் இல்லை என்று மெசின் பதில் தருகிறது.

கம்பியில் ஒரு செய்தி வந்திருக்கிறது. கோமதிநாயகம்:

"அமலாக்கா, நான் உங்கள என்னமோன்னு நெனச்சேன். ஒரே மூச்சுல படிச்சேன், கை காலெல்லாம் நடுங்கிருச்சு. காலி ரூம், சுவர்ல 'இங்கே பதினோரு பேர் இருக்கிறோம்'! எப்படிக்கா தோணுச்சு? கைவிடப்பட்ட இடங்கள் பிரிவுல முதல் பரிசு உங்களுக்குத்தான். நடுவர் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. முடிவ மட்டும் இன்னும் அனுப்பலயே? ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

இது கதையில்லை, உடனே கட்டுப்பாட்டு அறைக்கு ஓடு, குழாயை நிறுத்தச் சொல் என்று ஒரு கையால் எழுதி அனுப்பினேன்.

நாள் 404, 4.06

பதில் வந்தது.

"அடடா! 'இது கதையில்லை'. அதையே தலைப்பா வெச்சிடலாம்க்கா."

4.17

இன்னும் எட்டு நிமிடம். முதுகில் பலமில்லை. பாவாடைக்காரி கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நாச்சியா சீக்கிரம் வா தாயி

முடிவு வேண்டுமாம். எடுக்கிறேன். எல்லாரும் இங்கே பாருங்கள் என்றேன். பார்த்தார்கள்

4.18

படம் 74. கேமராவின் குறிப்பு: அறை. சுவரில் எழுத்து. குழாய் வாயில் போர்வைகள். ஒளி மிக நன்று. ஆட்கள் இல்லை. போட்டிக்கு அனுப்பப்பட்டது.