எடை போட்டுவிட்டு வந்து சொல்கிறேன்

மச்சான்,

இன்று காலை பினாயில் வாசனை அடித்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நம் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் இதே வாசனைதான். அங்கே உன்னை அழைத்துப் போக நான் பயந்தேன். உன் விஷயம் தெரிந்தால் எங்கோ தூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

இன்று உட்கார்ந்திருந்தது மலாக்காவில், ஒரு மருத்துவமனை நடைக்கூடத்தில். பக்கத்து வீட்டு முரளி துணைக்கு அழைத்திருந்தான். முப்பது வயதைத் தாண்டியவன். ஆள் இல்லாத இடத்தில் அவனுக்குக் குரல் கேட்கிறது. மாத்திரை சாப்பிடுகிறான். அதோடு வாரந்தோறும் மனநல ஆலோசகர் ஓர் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுகிறான்.

வெளியே வந்தவன், "தாத்தா, அந்தக் குரல் பொய்யின்னு அவங்க சொல்லவே இல்ல லா. எப்ப வருது, யாரு மாதிரி பேசுது, நீ என்னா பதில் சொல்லுவேன்னு கேட்டாங்க" என்றான்.

நான் திகைத்துப் போனேன். நம் இருவரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகால ஆண்டுகள் அவை. மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் கிராணி. நீ பாலுக்கு மரம் வெட்டுபவன், என் தங்கை கணவன். நாம் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகும் ஒவ்வொருவரையும் தடவி, வாளியைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அப்போதுதான் உனக்கு அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது. உன் வாளியில் அரிசி இருக்கிறது, போய் ஒத்துக்கொள் என்றது. நீ ஒரு பிடி அரிசியும் கடத்தியவனில்லை. ஆனால் நீயே வேலி வாசலில் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? லாரியில் ஏற்றிவிடுவார்கள். தங்கைக்கு நிறைமாதம்.

நிரூபித்தால் தீர்ந்துவிடும் என்று நான் நம்பினேன். வெறும் வாளியைப் பால் ஸ்டோர் தராசில் வைத்துக் காட்டினேன். நீ பொறுமையாகப் பார்த்தாய்.

"எடை சரிதான் மச்சான். ஆனா நீ பாக்குறதுக்கு முன்னாடியே காட்டுல இருக்கவங்க அரிசிய எடுத்துட்டாங்களாம்."

வாயில் வந்ததைக் கேட்டேன்: "யாரு மாதிரி பேசுது அது?"

யோசித்தாய். "நம்ம மண்டோர் மாதிரி. ஆனா அவர விட மரியாதையா பேசுது."

நம் மண்டோர் மேஸ்திரியின் வாயை அறிந்தவர்கள் நாம், இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு நீயே சொன்னாய்: "மண்டோருன்னா, பால எடை போடாம ஒருத்தனையும் எங்கயும் விடமாட்டாரே. எடை போட்டுட்டு வர்றேன்னு அதுகிட்ட சொல்லிப் பாக்குறேன்."

மறுநாள், எடை முடிந்ததும் குரல் திரும்ப வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். 'நாளைக்கு' என்றாயாம். சரி என்றதாம். ஒரு குரல் இப்படித் தவணைக்கு இணங்கும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

ஆனால் ஒரு நாள் காலை வாசலில், உன் வாளியைக் கவிழ்த்துப் பார்த்த பிறகும் நீ நகரவில்லை. பெயர் கூப்பிட நான் பக்கத்திலேயே நின்றேன்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்."

காவலுக்கு நின்றவரும் தமிழர்தான். "சீக்கிரம் சொல்லு லா. பின்னால வரிசை நிக்குது."

உன் தோளைத் தொடக்கூட எனக்குத் துணிவில்லை. நீ தலையைச் சாய்த்து எதையோ கேட்டாய். உதடு அசைந்தது. பிறகு, "எடை போட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாய். யாரிடம் சொன்னாய் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஆமா, ஒங் கதைய கேக்கத்தான் எனக்குத் துப்பாக்கி குடுத்து நிக்க வச்சிருக்காங்க. போய்யா!"

வரிசை சிரித்தது. நீ வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாய். மகள் பிறந்தபோது வீட்டில் இருந்தாய்.

டுரியான் துங்கால் ஊரில், உன் கடைசிக் காலத்தில், இன்னும் வருகிறதா என்று கேட்டேன். "வருது மச்சான். அதுக்கும் வயசாயிருச்சு. பேச ஆரம்பிச்சு பாதியில மறந்துருது" என்றாய்.

நான் ஏதும் உதவினேனா, தெரியவில்லை. என்னுள்ளும் ஒரு குரல் உண்டு, நீ அறிவாய். செய்தது போதாது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அதனோடு ஆதாரம் காட்டி வாதாடுவேன். இப்போது, யார் மாதிரி பேசுகிறாய் என்று கேட்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயமாக இருப்பதில்லை.