ஒற்றைக் கை துஆ

குல்சாய்ரா கண்ணுக்கு அப்பா எழுதறது. இங்க நரீன்ல அல்லா கிருபையால நடமாடிக்கிட்டு இருக்கேன், அங்க ரஷ்யாவுல அந்த நோவோசிபிர்ஸ்க் குளிர்ல நீயும் மாப்பிள்ளையாகப் போற மிர்லானும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கேன்னு பயப்படாதே, இடது கையால எழுதறேன். பக்கவாதம் வந்த வலது கை அப்படியேதான், விரலெல்லாம் மடங்கி மூடிக் கிடக்கு. உங்கம்மாவும் போய், நீயும் இல்லாம, சமோவார்ல ஒரே ஒரு கோப்பை டீக்குத் தண்ணி ஊத்தறது எனக்கு இன்னும் பழகலை. மனுஷக் குரல் கேக்கணும்னே ரேடியோவைப் போட்டு வைக்கிறேன்.

போன வாரம் ஃபோன்ல கல்யாணத்துக்கு துஆ செய்யுங்கப்பான்னு கேட்டே, நான் ஆட்டுக்கு நோவுன்னு பேச்சை மாத்திட்டேன். ஆடு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு உள்ளங்கையும் விரிச்சு அல்லாகிட்ட கேக்கறதுதானே நம்ம வழக்கம், ஒரு கை மூடியே கிடக்கறவன் கேட்டா பாதிதான் கிடைக்கும், அந்தப் பாதி வாழ்வு உனக்கு வந்துடக் கூடாதுன்னு பயம். அதுக்காகவே விருந்துக்கும் போறதில்லை, பள்ளிவாசலுக்கும் போறதில்லை. அல்லாமேல கோபமும் இருந்துச்சு, உன்கிட்ட மறைப்பானேன்.

முந்தாநாள் பக்கத்து வீட்டு பாத்துமா அவ பேரனைத் தொட்டில்ல போடற விருந்துக்கு என்னைத்தான் துஆ செய்யக் கூப்பிட்டா, தெருவுல மூத்தவன் நான்தானே. வரலைன்னேன். அவ விடுவாளா, குழந்தையோட மொத்தக் கூட்டத்தையும் நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டா. கை ரெண்டும் நல்லா இருந்தப்ப நீங்க வானத்தையா பிடிச்சீங்க, இறைச்சி ஆறிடும்னு அவசர அவசரமா முடிச்சீங்க, அதையே அல்லா கேட்டான், இதைக் கேக்க மாட்டானா அண்ணேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா. சிரிச்சுட்டாங்க, எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. இடது கையை விரிச்சேன். நாக்கும் முன்ன மாதிரி இல்லையே, ஆயுசுங்கற வார்த்தை வரவே இல்லை. எல்லாரும் கையை விரிச்சபடி காத்திருந்தாங்க, ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கலை. அந்த நேரத்துலதான் கண்ணு, அல்லாவும் காத்துக்கிட்டிருக்கான்னு தோணுச்சு. இத்தனை வருஷம் எத்தனை பேருக்கோ துஆ செஞ்சிருக்கேன், எதிர்ல ஒருத்தன் காது கொடுத்துக் கேக்கறான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வார்த்தை வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கூட்டம் போனதும் வீடு பழையபடி வெறிச்சுன்னு ஆயிடுச்சு, ஆனா ரேடியோ போடலை, நானும் அவனுமா உக்காந்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிஞ்சதும் ஃபோன் பண்ணு, துஆ செய்யறேன், முழுசா. அல்லா உங்க ரெண்டு பேரையும் ஒருத்தருக்கொருத்தர் துணையா வைக்கட்டும், உன் அடுப்பு அணையாம இருக்கட்டும். காதை மூடற குல்லா போடாம வெளிய போகாதே. இன்னொண்ணு, மிர்லான் வீட்டு ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லி வை. நடுவுல என் பேச்சு நின்னுட்டா லைன் போயிடுச்சுன்னு ஃபோனை வச்சிடாதீங்க. வார்த்தையைத் தேடிக்கிட்டிருப்பேன்.

உன் அப்பா,
எஷிம்குல்