பேர் சொல்லாத பூச்சி

சங்கரன்கோவில்
6.5.1979

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் காந்திமதியும் கோமதியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே ஜபல்பூரில் வெயில் எப்படி?

புறவாசலில் தோட்டம் போட்டிருக்கிறேன் என்றதற்குச் சிரித்தீர்களே, பாகல் பந்தல் ஏறிவிட்டது. வெண்டை இலைதான் எல்லாம் ஓட்டை. முதல் வருசம்தானே, கை பழகவில்லை. ஊரே காய்ந்து கிடக்க நம் பாத்தியில் மட்டும் ஈரம். அதனாலோ என்னவோ, பந்தலடியில் பூச்சி நடமாட்டம் இருக்கிறது. பிள்ளையை அந்தப் பக்கம் விடவே பயம். அடுத்த வீட்டுச் செல்லச்சாமி அண்ணாச்சி, "அடிச்சிப் போட்டுருதேன் தாயி" என்றார். இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் பாவத்தைச் செய்வதா? அம்மனுக்கு வெள்ளி உரு நேர்ந்திருக்கிறேன். தானாகப் போய்விடும். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?

நெல்லையம்மாள்

ஜபல்பூர்
14.5.1979

அன்புள்ள நெல்லைக்கு,

டூட்டிக்குப் போகிற அவசரத்தில் உன் கடிதத்தைப் பார்த்தேன். வெண்டைப் பூச்சிக்கு வெள்ளியில் நேர்ச்சையா! பட்டாளத்தில் படித்துக் காட்டினேன், ஒரே சிரிப்பு. அடுப்புச் சாம்பலைத் தூவினால் போகாதா?

காந்திமதிக்கு அப்பா எழுதுவது: அம்மா பயந்தாங்கொள்ளி. நீ பந்தலடியில் கையை விட்டுப் பூச்சியை எடுத்து டப்பாவில் போடு. ஆடியில் வரும்போது கவுன் வாங்கி வாரேன்.

கைலாசம்

சங்கரன்கோவில்
26.5.1979

அத்தானுக்கு,

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் எழுதிவிட்டேன். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

நான் கிணற்றடியில் நிற்கும்போது போஸ்ட்மேன் கடிதத்தைக் காந்திமதியிடம் கொடுத்துவிட்டார். இரண்டாம் வகுப்பு முடித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். பால்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு பந்தலடியில் போய்க் குந்தியிருக்கிறாள்.

"எம்மா, இங்கன பூச்சி ஒண்ணையும் காணலை. புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தந்தான் வருது" என்றாள்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி, படம் எடுத்து நின்றது. நல்ல பாம்பு அத்தான். அம்மன் கோவில் புற்றில் பொழுதன்றைக்கும் நான் கும்பிடுகிற நாகம். அதைப் பேர் சொல்லி எழுத வாய் கூசித்தான் பூச்சி என்று எழுதினேன். நம் வீட்டில் வேறு எப்படிச் சொல்லுவோம்? பட்டாளம் போனதும் மறந்துவிட்டதா?

பிள்ளையை இழுத்து எறிந்தேன். மம்பட்டியை எடுத்து நானே அடித்தேன். அண்ணாச்சி சுவரேறிக் குதித்து வந்து, "போதும் தாயி, அது எப்பவோ செத்துட்டு" என்று என் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன். பாலூற்றிப் புதைத்தோம்.

பாகல் இப்போதுதான் சடைசடையாகக் காய்க்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பறித்துப் போகிறார்கள். எனக்கு அந்தக் காய் தொண்டையில் இறங்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை கோபுர வாசல் வரை போனேன். நாகத்தை அடித்த கையோடு உள்ளே கால் எடுத்து வைக்க முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

வெள்ளி நாக உரு நேர்ந்தது அப்படியே நிற்கிறது. நீங்கள்தான் வந்து செலுத்த வேண்டும். ஆடி வரைக்கும் என்னால் தாங்காது, லீவு கேளுங்கள். "எனக்குச் சாமி கிடையாது" என்று வழக்கம்போல எழுதிவிடாதீர்கள். நீங்கள் கும்பிட வேண்டாம். அம்மன் முன்னால் போய் நில்லுங்கள், போதும். நான் வெளியே நிற்கிறேன்.

நெல்லையம்மாள்