இறங்குவாரா, மாட்டாரா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டிக்குச் சளி விட்டு, இப்போது பொடியனைப் பிடித்திருக்கிறது. மற்றபடி குறையில்லை. உங்கள் முதுகுவலியும் அண்ணாவின் பரீட்சைத்தாள் கட்டுகளும் எந்த மட்டில் இருக்கின்றன?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் கூப்பிட்டால் உங்கள் தம்பி, "யாரு, எங்கக்காவா? ஸ்பீக்கர்ல போடு" என்பார். இது ஸ்பீக்கரில் போடுகிற விஷயம் இல்லை. அதனால்தான் உங்கள் பஸ் டெப்போ டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள், என் லேப் வாசலில் நிறுத்தித் தந்துவிடுவார்.

தீம் பார்க் பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மே மாதம் இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில், போக மட்டும் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். வீடு முழுக்க அதே பேச்சு. குட்டி தினமும் பீரோவில் சாய்ந்து நின்று உயரம் பார்க்கிறாள். பெரிய ராட்டினத்தில் ஏற இன்னும் ஒரு விரல்கடை வேண்டுமாம். உங்கள் தம்பி அந்தப் பழைய வேனுக்கு ரப்பர் பாயை அவரே அளந்து வெட்டிப் போட்டார். அவர் வீட்டில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிடுவதுகூட அவர்தான். ஏசி ரிப்பேருக்குப் போன வீடுகளிலும் தங்கமான மனுஷன் என்றுதான் பெயர்.

ஸ்டியரிங்கைத் தொட்டால்தான் வேறு ஆள்.

போன ஞாயிறு ஒரு பையன் பைக்கில் எங்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு போனான். இவர் முந்திப்போய் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார், இறங்கினார். அந்தப் பையனின் ஹெல்மெட்டைத் தலையிலிருந்து பிடுங்கி, அதாலேயே அவன் முகத்தில் அடித்தார். மூன்று அடி. ஜன்னல் மூடியிருந்தும் எனக்குள் கேட்டது. ரத்தம் எனக்குப் புதிதில்லை. தினமும் நூறு குழாய் பார்க்கிறேன். அது குழாய்க்குள் இருக்கிற ரத்தம். பையன் தன் பல்லைத் தரையில் தேடிக்கொண்டிருந்தான், அக்கா. இவர் வந்து பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, "யாருக்கு ஐஸ்கிரீம்?" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பின் சீட்டில் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். யாராவது எங்களை முந்தினால், "அப்பா இறங்குவாரா, மாட்டாரா?" என்று பந்தயம். சரியாகச் சொன்னால் ஒரு மிட்டாய். குட்டி ஏழு வயதில் கெட்டிக்காரி, பெரும்பாலும் அவள்தான் ஜெயிக்கிறாள். அவள் ரோட்டைப் பார்ப்பதில்லை, அப்பாவின் கழுத்து நரம்பைப் பார்க்கிறாள்.

வாடகை டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பேச்சு ஒன்றுதான் அவர் காதில் ஏறும்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 5

எங்கள் வீட்டு டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. டெப்போ டைம் ஆபீஸில் எல்லாரும் "லவ் லெட்டரா மேடம்?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள். முதுகு அப்படியேதான் இருக்கிறது. என் வீட்டு வாத்தியார் பேப்பர் திருத்துகிறார், எல்லாருக்கும் பாஸ் போடுகிறார்.

அது என்னடி, ரப்பர் பாய் வெட்டினால் உன் புருஷன், பல்லை உடைத்தால் மட்டும் என் தம்பியா?

ஒன்று சொல்கிறேன், கேள். அவனுக்குப் பதின்மூன்று வயசு. பஸ் ஸ்டாப்பில் ஒருத்தன் என் பையைப் பிடித்து இழுத்தான். இவன் செங்கல்லை எடுத்துப் போட்டான் பார், அன்றிலிருந்து அந்தத் தெருவில் என்னை நிமிர்ந்து பார்த்தவன் கிடையாது. கை நீளம்தான், மனசு வெள்ளை. அந்தப் பையனும் ஒழுங்காக ஓட்டியிருக்கலாமே.

வாடகை டிரைவரெல்லாம் வேண்டாம். முகம் தெரியாதவன் கையில் இத்தனை உயிரையும் கொடுத்துவிட்டு நான் கண்ணை மூட முடியாது. டெப்போவில் தினமும் பார்க்கிறேனே, பாதிப் பேர் ஸ்டியரிங்கிலேயே தூங்குகிறார்கள். நான் வேறு வழி யோசித்துவிட்டேன். பாதி தூரம் வாத்தியார் ஓட்டுவார். எறும்புக்கும் ஹாரன் அடிக்காமல் நின்று வழிவிடுகிற மனுஷன். காலை நாலரைக்குக் கிளம்பினால் ஏழே முக்காலுக்கு முதல் நிறுத்தம், பத்து இருபதுக்கு இரண்டாவது. பஸ்ஸுக்குப் போடுகிற மாதிரி அட்டவணையே போட்டுவிட்டேன். நெரிசல் நேரத்தில் எல்லாம் வாத்தியார் கையில்தான் வண்டி.

வருகிற 12ஆம் தேதி ஒத்திகையாக ஒரு நூறு கிலோமீட்டர் போய் வாருங்கள். எனக்கு டியூட்டி. வாத்தியாரை அனுப்புகிறேன், வண்டி கைக்குப் பழகட்டும். தம்பியிடம் பேசிவிட்டேன். "சரிக்கா" என்றான். அவன் எனக்கு எப்போது இல்லை என்றிருக்கிறான்?

பிள்ளைகளை சிவப்பு லாரி எண்ணச் சொல். இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

உன் நாத்தனார்


ஏப்ரல் 15

அன்புள்ளவளுக்கு,

மூன்று நாளாகிறது. ஆஸ்பத்திரியில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தோளைத் தொட்டபோதும் திரும்பவில்லை. அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

வாத்தியாரின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. குழல் வைத்துத்தான் எல்லாம். என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் "விழுந்துட்டேன்" என்று எழுதிக் காட்டினார். யார் அடிச்சது சொல்லுங்க என்று அழுதேன். எழுதவே இல்லை. எனக்குப் புரியாதா? அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அந்தப் பிக்கப் வண்டிக்காரனுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அவன் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் உள்ளே இருப்பவன் என் தம்பி. வக்கீலைப் பார்த்தேன். பெட்ரோல் பங்க்கில் அந்தப் பக்கத்துக் கேமரா ஓடவில்லை. பங்க் பையன்கள் சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்திருக்கிறார்கள். ஸ்பேனர் பிக்கப்காரன் கையில் இருந்தது, அவன்தான் வாத்தியார் தாடையை உடைத்தான், அதைத் தடுக்கப் போய்த்தான் தம்பி பிடுங்கி அடித்தான். இவ்வளவுதான். வாத்தியாரை இதே மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன். இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தார், ஆனாலும் போட்டார்.

நாளை மறுநாள் உன்னைக் கூப்பிடுவார்கள். குட்டியையும் கேட்பார்களாம். குழந்தைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொடு. கெட்டிக்காரி, பிடித்துக்கொள்வாள்.

என் புருஷன் தாடை உடைந்து கிடக்கிறார். நானே மறக்கிறேன் என்கிறேன். உனக்கு என்னடி?

உன் அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அண்ணா எழுதாததை நான் எழுதிவிடுகிறேன். உங்களுக்குப் புரிந்ததுதான். ஆனாலும் ஒருவர் வாயால் கேட்க வேண்டும்.

போகும்போது அண்ணாதான் ஓட்டினார். நாற்பதைத் தாண்டவில்லை. உங்கள் தம்பி பக்கத்து சீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை, முழங்காலை மட்டும் தட்டிக்கொண்டே வந்தார். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அப்படி இருந்தார், அதை மறைக்க மாட்டேன். பங்க்கில் வரிசையில் நின்றோம். அந்தப் பிக்கப் பக்கவாட்டில் நுழைந்து எங்களுக்கு முன்னால் நின்றது. அண்ணா, "போகட்டும்ப்பா, அவருக்கு என்ன அவசரமோ" என்றார். அவ்வளவுதான். இவர் இறங்கினார்.

வெயிலுக்கு எங்கள் பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். பிக்கப்பையே பார்த்தபடி கையை மட்டும் பின்னால் நீட்டி, "எடு" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. வீல் ஸ்பேனர் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. குட்டி குனிந்து இரண்டு கையாலும் அதை இழுத்து எடுத்தாள். கனம். என் கால் குறுக்கே இருந்தது, அக்கா. நான் காலை மடக்கி வழிவிட்டேன். ஏன் என்று இந்த ஆறு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தடுக்கவேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே கால் மடங்கிவிட்டது. ஒன்பது வருஷப் பழக்கம்.

முதல் அடியில் பிக்கப்பின் கண்ணாடி போனது. இரண்டாவது அடி அந்த மனிதரின் தோளில். அவர் வெளியே வந்து கும்பிட்டார். கும்பிட்ட கையோடு சேர்த்து நெற்றியில் மூன்றாவது. அப்போது அண்ணா பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். இவர் திரும்பி வீசினார். அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அண்ணா மூக்குக்கண்ணாடியோடு சரிந்து உட்கார்ந்தார். பார்க்காமல் வீசினான் என்று நினைப்பீர்கள். அடிப்பதற்கு முன் பார்க்கவில்லைதான். அடித்த பிறகு பார்த்தார், அண்ணா என்று தெரிந்தது, "மாமா" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி, கீழே கிடந்தவரை இன்னும் ஒரு முறை அடித்தார்.

என் பக்கத்தில் குட்டி தன் தம்பியிடம், "நான்தான் ஜெயிச்சேன்" என்றாள்.

நேற்று ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்துக் கேட்டார். உங்கள் கடிதம் என் கைப்பையின் அடியில் கிடந்தது. நான் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "அந்த அங்கிள்தான் மொதல்ல அடிச்சாரு. கம்பி அவர் கையில இருந்துச்சு. அப்பா பாவம்." ஒரு திக்கல் இல்லை. நீங்கள் வக்கீலோடு உட்கார்ந்து யோசித்ததை, என் பெண் பிஸ்கட் தின்றுகொண்டே யோசித்துவிட்டாள். அந்த அதிகாரியே என்னைப் பார்த்து, "சமத்துக் குழந்தைம்மா" என்றார்.

நான் அவள் முன்னாலேயே, "அது பொய்" என்றேன். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாவின் தாடையை யார் உடைத்தார் என்பதையும் எழுதினேன். அண்ணாவையும் திரும்பக் கூப்பிடுவார்கள். என்னைத் திட்டுங்கள், அவரைத் திட்டாதீர்கள். அவரால் அந்தப் பொய்யைச் சுமக்க முடியாது.

வாசலில் வைத்து குட்டி என்னை அடித்தாள். கன்னத்தில், முழுக் கையையும் ஓங்கி. அடிக்கும்போது தொண்டையில் அவர் போடுகிற அதே உறுமல். நான் கையைப் பிடித்தேன். மறு கையால் அடித்தாள். அதையும் பிடித்தேன். கடித்தாள். பஸ் வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் அவள் அமைதியாகி, "அப்பா வெளியே வந்து உன்னை அடிப்பாரு. நான் எடுத்துக் குடுப்பேன்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, அக்கா. தீம் பார்க்குக்கு நாலரைக்குக் கிளம்பணும் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

நாளை காலை மூவரும் கிளம்புகிறோம். எந்த ஊர், எந்த பஸ் என்று எழுதப்போவதில்லை. உங்கள் டெப்போ பஸ்ஸாக இருக்காது, ஆகவே டைம் ஆபீஸில் விசாரித்து அலைய வேண்டாம். பின்னாளில் குட்டியைப் பார்க்க ஆசை வந்தால் லேபில் என் தோழியிடம் சொல்லுங்கள். ஆனால் பஸ் ஸ்டாப் செங்கல் கதையை அவளுக்குச் சொல்லாதவராக வாருங்கள். அப்படி வர முடியாவிட்டால் வர வேண்டாம். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பிரசவத்தில் பதினோரு நாள் என் துணியைத் துவைத்தவர் நீங்கள்.

கடைசியாக ஒன்று. நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது நான் என்று எழுதியிருக்கிறேன். அதற்காக என்மேலும் கேஸ் வரலாமாம், வரட்டும். இதை உங்கள் கையில் கொடுக்கிறேன். உங்கள் தம்பி திரும்பிப் பார்க்காமல்தான் வாங்கினார், அவரும் நான் கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். பார்க்கப் போகும்போது சொல்லிவிடாதீர்கள். குட்டிதான் என்று தெரிந்தால் பெருமைப்படுவார்.

குட்டியின் அம்மா