பாதி விதை புளியறையில்

ஆய்க்குடி
9.6.2025

அன்புத் தங்கை சுகிர்தத்துக்கு அண்ணன் விஜயசங்கர் எழுதுவது.

நீயும் பிள்ளையும் சுகம்தானே? மாப்பிள்ளை தவறிப்போய் ஆறு மாதம் ஆகிறது. நீ ஒருநாள்கூட இங்கே வந்து தங்கவில்லை என்று உன் மதினிக்கு வருத்தம்.

போனில் சுரை விதையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வைகாசியில் மழை கொட்டியதும், சாரல் முந்திவிட்டது என்று நம்பி குண்டுச்சுரை விதை அத்தனையையும் ஊன்றிவிட்டேன். மழை விடவே இல்லை. குழியில் தண்ணீர் நின்று எல்லாம் அழுகிப்போயிற்று. "கொஞ்சமாவது எடுத்து வைக்கக்கூடாதா, கூறுகெட்ட மனுசா" என்று உன் மதினி ஏசுகிறாள். நாம் பங்கு போட்டதில் பாதி விதைதான் உன்னிடம் இருக்கிறதே, அந்தத் தைரியம்தான் எனக்கு. கடை விதை, ஒரு காற்றுக்கே பூ உதிர்ந்துவிடுகிறது. மழை முன்னே பின்னே ஆனாலும் காய்த்தது நம் சுரை ஒன்றுதான். ஆடிப் பட்டத்துக்குள் அனுப்பிவிடு.

இப்படிக்கு,
விஜயசங்கர்

புளியறை
18.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு சுகிர்தம் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம். செக்போஸ்ட் லாரி வரிசை நம் வாசல் வரை நிற்கிறது, புகையில் கண் எரிகிறது. பிள்ளை அருண்பாண்டி செங்கோட்டையில் கடை வேலைக்குப் போகிறான். மதினிக்கு முட்டுவலி தேவலையா?

நீங்கள் கேட்டதைப் பார்க்கிறேன். அதற்குள் தென்காசியில் வேறு நாட்டுவிதை கிடைத்தால் வாங்கிப் போடுங்களேன்.

தங்கை,
சுகிர்தம்

ஆய்க்குடி
20.7.2025

சுகிர்தத்துக்கு,

ஆடி பிறந்துவிட்டது. பார்க்கிறேன் என்றாயே, என்ன பார்த்தாய்? தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் என்று அலைந்துவிட்டேன். அந்த விதை எவரிடமும் இல்லை. யாருக்காவது கொடுத்துவிட்டாயா? சொல், நானே போய்க் காலில் விழுந்து வாங்கிக்கொள்கிறேன். பிறந்த வீட்டுக்குத் தர மனசில்லை என்றால் அதையும் சொல்லிவிடு. மாப்பிள்ளை சாவுக்கு இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றவன் நான். கோபம்தான், எழுதிவிட்டேன்.

விஜயசங்கர்

புளியறை
2.8.2025

அண்ணனுக்கு,

நீங்கள் கோபப்பட்டது சரிதான். இனி மறைத்துப் பயனில்லை.

உங்களைப் போல நான் விதையைச் சாம்பலில் போட்டு வைப்பதில்லை. சாணிக்குள் விதையைப் பதித்து வறட்டி தட்டி, அடுப்புக்கு மேலே பரணில் அடுக்குவதுதான் இந்த வீட்டு வழக்கம். புகை பட்டால் வண்டு வராது.

அவுகளைக் கொண்டுபோன அன்றைக்கு மயானத்தில் விறகெல்லாம் நனைந்து தீ பிடிக்கவில்லை. நீங்கள் ஓடி வந்து, "வீட்டுல காஞ்ச வறட்டி எதுவும் கெடக்கா?" என்று கேட்டீர்கள். யாரும் பதில் சொல்வதற்குள் பரணைப் பார்த்துவிட்டீர்கள். சாக்கில் அள்ளி உங்கள் தோளில்தான் தூக்கிப் போனீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கே அவுக நனைந்துகொண்டு கிடக்கும்போது, அதில் சுரை விதை இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்களிடம் பாதி இருக்கிறதே என்று எனக்கும் தைரியம்.

உங்கள் கடிதம் வந்த பிறகு யாருக்கும் தெரியாமல் மயானத்துக்குப் போனேன். வேகாத விதை ஒன்றாவது ஓரத்தில் விழுந்து முளைத்திருக்காதா என்று ஒரு ஆசை. ஒரு கொடி படர்ந்திருந்தது. சுரை என்று நினைத்து ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கோவைக்கொடி. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

வறட்டியை நீங்கள் எடுத்துப் போனது மதினிக்குத் தெரிய வேண்டாம். நான் தொலைத்துவிட்டேன் என்றே சொல்லுங்கள்.

சுகிர்தம்